ஒரு மதில், ஒரு வேலி, ஒரு நீல வண்ணத்துப்பூச்சி

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் லா ஃபோந்தேன் எழுதிய கதைப்பாட்டு இரண்டு மூன்றாவது இன்னும் நினைவில் இருக்கும். அர்த்தம் தெரிந்து படித்தோம் என்று சொல்லமாட்டேன். முசியே பிரம்பைத் தட்டுவார், நாங்கள் ஒப்பிப்போம். அவ்வளவுதான். அதில் ஒன்று "தோட்டக்காரனும் அவன் பிரபுவும்".

கதை இதுதான். ஏழைத் தோட்டக்காரன் ஒருவன் சின்னதாக ஒரு காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறான். ஒரு முயல் தினமும் வந்து கடித்துவிட்டுப் போகிறது. கல்லால் அடித்துப் பார்க்கிறான், பொறி வைத்துப் பார்க்கிறான், பிடிபடவில்லை. ஊர்ப் பிரபுவிடம் போய் முறையிடுகிறான். பிரபு மறுநாளே குதிரை, நாய், ஆள் படையோடு வந்து இறங்குகிறார். முதலில் தோட்டக்காரன் வீட்டில் இருந்த இறைச்சி, ஒயின் எல்லாம் காலி. பிறகு வேட்டை. முயல் ஓடிவிட்டது. ஆனால் வேட்டை முடிந்தபோது பாத்தியும் இல்லை, வேலியும் இல்லை. முயல் ஆயுள் முழுக்கத் தின்றாலும் அவ்வளவு நாசம் ஆகியிருக்காது.

அந்தத் தோட்டத்தில் இருந்த செடிகளில் ஒன்றின் பெயர் செர்ப்போலே. "அது என்ன செடி முசியே?" என்று கேட்டேன். அவரும் நம்மூர்க்காரர்தான், பிரான்சைப் பார்த்தவர் இல்லை. சற்று யோசித்து, "ஓமம் மாதிரி மணக்கும்டா, மலைச்செடி" என்றார். அந்தப் பதிலோடு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

பணி ஓய்வுக்குப் பிறகு மகள் வீட்டுக்குப் பிரான்ஸ் போயிருந்தேன். பாரிசுக்கு மேற்கே, த்ரெ நகரத்துப் பக்கம் அவர்கள் குடியிருந்தார்கள். சந்தையில் ஒரு கட்டு செர்ப்போலே கிடைத்தது. தரையோடு படரும் காட்டுத் தைம். கசக்கி முகர்ந்தேன். முசியே சொன்னது சரிதான், ஓம வாசனை. தைமால் என்ற பொருள்தான் இரண்டுக்கும் அந்த வாசனையைக் கொடுக்கிறது என்று பிறகு தெரிந்துகொண்டேன். பார்க்காமலே அவ்வளவு சரியாகச் சொன்ன மனிதரை மனதுக்குள் கும்பிட்டேன்.

அதே ஊரில் என் மகளின் பக்கத்து வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குப் பிரெஞ்சு பேச ஆள் கிடைத்த சந்தோஷம், அவருக்குப் பொறுமையாகக் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷம். ஒரு நாள் பேச்சு முயலைப் பற்றித் திரும்பியது. அவர் சிறுவனாக இருந்தபோது வயல் வரப்பெல்லாம் முயலாம். ஞாயிற்றுக்கிழமை முயல் கறி இல்லாத வீடே இல்லையாம். பிறகு ஒரு கோடையில் எல்லாம் கண் வீங்கி, குருடாகி, பாதையில் அப்படியே உட்கார்ந்திருக்குமாம். கிட்டப் போனாலும் ஓடாதாம். "அந்த நோய் இங்கிருந்துதான் கிளம்பியது, மாய்புவாவிலிருந்து" என்று கையைக் காட்டினார். மாய்புவா அங்கிருந்து கொஞ்ச தூரம்தான்.

அந்தப் பேச்சிலிருந்து தொடங்கி, ஊர் திரும்பியும் தேடித் தேடிப் படித்து நான் தெரிந்துகொண்ட கதையைத்தான் இன்று எழுதுகிறேன். முயலில் தொடங்கும். ஆனால் இது ஒரு வண்ணத்துப்பூச்சியின் கதை.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழில் நமக்கு எல்லாமே முயல். பிரெஞ்சில் லியேவ்ர் வேறு, லப்பேன் வேறு. லியேவ்ர் தனியாகத் திரியும், தரைமேல் படுக்கும். லா ஃபோந்தேன் கதையில் வருவது அதுதான். லப்பேன் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். இனி நான் முயல் என்று சொல்வதெல்லாம் லப்பேனைத்தான்.

மாய்புவா மதிலுக்குள் நடந்தது

1896ல் ஜுசெப்பே சனரெல்லி என்ற இத்தாலிய விஞ்ஞானி, உருகுவே நாட்டு மொந்தேவிதேயோ நகரில் ஆய்வுக்கூடம் நடத்திவந்தார். ஆய்வுக்காக ஐரோப்பாவிலிருந்து வரவழைத்து வளர்த்த முயல்கள் திடீரென்று ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தன. அது ஒரு வைரஸ் நோய். மிக்ஸோமத்தோஸ் என்று பெயர். தென் அமெரிக்கக் காட்டு முயலுக்கு அது பழகிப்போன நோய். உடம்பில் ஒரு கட்டி வரும், போய்விடும். ஐரோப்பிய முயலுக்கு அது எமன். கொசுவும் தெள்ளுப்பூச்சியும் அதைப் பரப்பும்.

ஆஸ்திரேலியாவில் வெள்ளைக்காரர்கள் கொண்டுபோய் விட்ட முயல் கோடிக்கணக்கில் பெருகிப் புல்வெளியை மொட்டையாக்கியது. 1950ல் அங்கே அரசாங்கமே இந்த வைரஸைப் பரப்பியது. முயல்கள் கொத்துக் கொத்தாக மடிந்தன. அந்தச் செய்தி பிரான்சில் இருந்த ஒரு மருத்துவரின் கண்ணில் பட்டது.

அவர் பெயர் போல்-ஃபெலிக்ஸ் அர்மான்-தெலில். சாதாரண ஆள் இல்லை. குழந்தை மருத்துவர், நுண்ணுயிர் ஆராய்ச்சியாளர், மருத்துவ அகாதமியின் உறுப்பினர். முதல் உலகப் போரில் மாசிடோனியா போர்முனையில் சிப்பாய்களை வாட்டிய மலேரியாவைப் பற்றி எழுதியவர். காசநோய் வந்த வீட்டுக் குழந்தைகளை நோய் தொற்றுவதற்கு முன்னால் பிரித்தெடுத்துக் கிராமத்துக் குடும்பங்களில் வளர்க்கும் தர்ம நிறுவனம் ஒன்றின் செயலாளராக இருந்தவர். எத்தனையோ குழந்தைகள் அதனால் பிழைத்தன. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்தவன் ஆவேன்.

ஓய்வுக்குப் பிறகு அவர் மாய்புவாவில் தன் பெரிய பண்ணைத் தோட்டத்தில் இருந்தார். சுற்றிலும் மதில். உள்ளே முயல் தொல்லை. 1952 ஜூன் 14ஆம் தேதி இரண்டு முயல்களைப் பிடித்து, சுவிட்சர்லாந்தின் லோசான் நகர ஆய்வுக்கூடத்திலிருந்து வரவழைத்த வைரஸை ஊசி போட்டு விட்டார். இரண்டே முயல். மதில் இருக்கிறதே, நோய் எங்கே போய்விடும் என்று நினைத்தார்.

ஆறு வாரத்தில் தோட்டத்து முயல்களில் ஏறக்குறைய எல்லாம் செத்துவிட்டன. சில மாதத்தில் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் செத்த முயல்கள் கிடந்தன. கொசுவுக்கு மதில் ஏது? அடுத்த இரண்டு வருஷத்தில் பிரான்ஸ் முழுவதும் காட்டு முயல்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் போய்விட்டன. பெல்ஜியம், நெதர்லாந்து, ஜெர்மனி என்று நோய் எல்லை தாண்டிப் போனது.

பிரான்ஸ் இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வேட்டைக்காரர்கள் அவரைத் திட்டினார்கள், வழக்குப் போட்டார்கள். விவசாயிகளும் காடு வளர்ப்பவர்களும் வாழ்த்தினார்கள். பயிர் பிழைத்தது, மரக்கன்று பிழைத்தது. 1955 ஜனவரியில் நீதிமன்றம் அவருக்கு 5000 பிராங்க் அபராதம் விதித்தது. பழைய பிராங்க் என்பதால் அது பெரிய தொகை ஒன்றும் இல்லை. அடுத்த வருஷம், 1956ல், விவசாயத்துக்கும் வனத்துக்கும் செய்த சேவைக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள். ஒரு பக்கம் அவர் முகம், மறுபக்கம் செத்த முயல். ஒரே காரியத்துக்கு ஒரு வருஷம் அபராதம், மறு வருஷம் பதக்கம்! அரசாங்கக் கோப்புகளோடு முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

கடல் தாண்டிய நோய்

1953 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் நோய் தலைகாட்டியது. இடையில் கடல் இருந்தும் தடுக்கவில்லை. அங்கே முயல் தெள்ளுப்பூச்சிதான் அதைப் பெரிதும் பரப்பியது. நோய் கண்ட முயலை வேண்டுமென்றே கொண்டுபோய் விடுவது குற்றம் என்று 1954ல் சட்டம் போட்டார்கள். பயன் இல்லை. இரண்டு மூன்று வருஷத்தில் பிரிட்டனில் நூறு முயல் இருந்த இடத்தில் ஒன்று மிஞ்சியது.

அங்கேயும் விவசாயிகளுக்கு முதலில் மகிழ்ச்சி. வயல் விளைந்தது. ஆனால் உழ முடியாத மலைச்சரிவுகள், சுண்ணாம்புக் குன்றுகள், கடலோர மேடுகள் என்று பல இடங்கள் இருந்தன. பழைய காலத்தில் அங்கெல்லாம் ஆடு மாடு மேய்ந்தது. லாபம் இல்லை என்று மேய்ச்சல் குறைந்த பிறகும் முயல் கடித்துக் கடித்துப் புல்லைக் கட்டையாக வைத்திருந்தது. முயல் போனதும் அங்கே புல் முழங்கால் உயரம் வளர்ந்தது. பிறகு புதர் வந்தது. பச்சையாகப் பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

அந்தச் சரிவுகளில்தான் நான் சொல்ல வந்த வண்ணத்துப்பூச்சி வாழ்ந்தது. தமிழில் பெரிய நீலன் என்று சொல்லலாம். விஞ்ஞானப் பெயர் அரியோன். 1758ல் லின்னேயஸ் வைத்தது. பிரெஞ்சில் அதன் பெயரைப் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: "அசுரே துய் செர்ப்போலே", செர்ப்போலே செடியின் நீலன். எட்டு வயதில் முசியேவிடம் கேட்ட அதே செடி.

எறும்புக் கூட்டில் வளரும் பிள்ளை

இந்தப் பூச்சியின் வாழ்க்கையைப் படித்தால் யாரோ கதை கட்டுகிறார்கள் என்றுதான் தோன்றும். கோடையில் தாய்ப்பூச்சி காட்டுத் தைம் மொட்டில் முட்டை இடும். புழு வெளியே வந்து இரண்டு மூன்று வாரம் அந்தப் பூவைத் தின்னும். பிறகு ஒரு மாலை நேரம் செடியிலிருந்து தரையில் விழுந்துவிடும். அப்போது அது ஒரு அரிசி நொய் அளவுதான் இருக்கும். அங்கேயே சும்மா கிடக்கும். ஒரு சிவப்பு எறும்பு வந்தால், முதுகிலிருந்து ஒரு சொட்டு இனிப்பு நீர் சுரக்கும். எறும்பு அதைக் குடிக்கும். கொஞ்ச நேரம் கழித்துப் புழு உடம்பை வளைத்து நிமிர்ந்து, எறும்பின் குஞ்சு போலவே தோற்றம் காட்டும். வாசனையும் எறும்புக் குஞ்சின் வாசனைதான். "ஐயோ, நம் வீட்டுப் பிள்ளை வெளியே கிடக்கிறதே" என்பது போல எறும்பு அதைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குப் போகும்.

உள்ளே போன பிள்ளை செய்யும் காரியம் என்ன தெரியுமா? சுமார் பத்து மாதம் அந்தக் கூட்டிலேயே இருந்து, எறும்பின் நிஜக் குஞ்சுகளைத் தின்று வளரும். அதன் முழு எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு அங்கே சேர்வதுதான். ஒரே கூட்டுக்குள் பல புழுக்கள் வந்துவிட்டால் தீனி போதாமல் எல்லாம் பட்டினி கிடக்க வேண்டியதுதான். பிறகு கூண்டுப்புழுவாகி, அடுத்த கோடையில் ஒரு காலை வண்ணத்துப்பூச்சியாகி, எறும்புப் பாதை வழியே ஊர்ந்து வெளியே வந்து, புல்லில் ஏறி இறகை விரிக்கும்.

இது முழுவதும் தெரியவே வெகுகாலம் ஆயிற்று. பூச்சியைப் பிடித்து ஊசியில் குத்திப் பெட்டியில் வைப்பவர்கள் நிறைய இருந்தார்கள். புழு தைமை விட்டு இறங்கிய பிறகு எங்கே போகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. 1915ல் சாப்மன் என்பவர் தைம் செடியின் வேரடியில் எறும்புக் கூட்டில் அந்தப் புழுவைக் கண்டார். ஃப்ரோஹாக் என்ற ஓவியரும் பியூர்ஃபாய் என்ற ராணுவக் கேப்டனும் எறும்பையும் புழுவையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். கேப்டன் எறும்புக்கு வீடாக அக்ரூட் ஓட்டைப் பயன்படுத்தினாராம். அப்படித்தான் எறும்பு புழுவைத் தூக்கிப் போவதைக் கண்ணால் பார்த்தார்கள்.

காப்பதற்காகப் போட்ட வேலி

பிரிட்டனில் பெரிய நீலன் முதலில் பதிவானது 1795ல். அது அன்றும் அபூர்வம்தான். அடுத்த நூற்றாண்டிலேயே நார்தாம்ப்டன்ஷயர் போன்ற சில இடங்களில் மறைந்துவிட்டது. காரணம் கேட்டால் எல்லோரும் சேகரிப்பாளர்களைக் கைகாட்டினார்கள். வலையோடு ரயிலேறி வந்து பெட்டி பெட்டியாகப் பிடித்துப் போனார்கள் என்பது உண்மை. அபூர்வமாக ஆக ஆக விலையும் ஏறும் அல்லவா?

அதனால் பூச்சியை நேசித்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். உலகப் போருக்கு முன்னரே, அது வாழ்ந்த இடம் ஒன்றைக் காப்பிடமாக்கி வேலி போட்டார்கள். சேகரிப்பாளர் உள்ளே வர முடியாது. நல்லதுதானே! ஆனால் ஆடு மாடும் உள்ளே வர முடியாமல் போனது. புல் வளர்ந்தது. சில வருஷத்தில் அந்த இடத்திலும் பூச்சி இல்லை. வேலி மட்டும் இருந்தது. அப்போதும் காரணம் புரியவில்லை. தைம் செடி இருக்கிறது, எறும்பும் இருக்கிறது, பிறகு ஏன்?

1950களில் முயல் செத்த பிறகு வீழ்ச்சி வேகமானது. 1962ல் பெரிய நீலனைக் காக்கவென்றே ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். ஒரு வண்ணத்துப்பூச்சிக்காகக் குழு! காவல், கணக்கெடுப்பு எல்லாம் நடந்தது. ஆனாலும் ஒவ்வொரு இடமாக விளக்கு அணைவது போல அணைந்தது.

1972ல் ஜெரமி தாமஸ் என்ற இளம் ஆய்வாளர் கடைசியாக எஞ்சியிருந்த இடத்துக்குப் போனார். டார்ட்மூர் ஓரத்தில் ஒரு சரிவு. கோடை தோறும் அங்கேயே கிடந்து, ஒவ்வொரு முட்டையையும் ஒவ்வொரு புழுவையும் எண்ணினார். எந்த எறும்பு எந்தக் கூட்டுக்குத் தூக்கிப் போகிறது, அங்கே எத்தனை பிழைக்கிறது என்று குறித்தார். விடை கிடைத்தது.

சிவப்பு எறும்பில் பல இனம் உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். எல்லா இனமும் புழுவைத் தூக்கிப் போகும். ஆனால் மிர்மிகா சபுலெட்டி என்ற ஒரே ஓர் இனத்தின் கூட்டில்தான் புழு போதிய அளவு பிழைக்கிறது. அந்த எறும்புக்குச் சூடான தரை வேண்டும். இங்கிலாந்து மாதிரிக் குளிர் நாட்டில், புல் மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் வெயில் மண்ணைத் தொடும். புல் கொஞ்சம் உயர்ந்தால் மண் இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்துவிடும். உடனே சபுலெட்டி பின்வாங்கும், வேறு எறும்பு வந்து அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தைம் செடி அங்கேயே பூத்துக்கொண்டிருக்கும். தாய்ப்பூச்சி நம்பி முட்டை இடும். புழு விழும். எறும்பும் வந்து தூக்கிப் போகும். ஆனால் அது தவறான வீடு.

ஆக, கண்ணுக்குத் தெரிந்த எதுவும் மாறவில்லை. விரல் அளவு புல் கூடியது, அவ்வளவுதான்.

விடை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. மேய்ச்சலை மீண்டும் கொண்டுவந்தார்கள். ஆனால் 1975லும் 1976லும் கடும் வறட்சி. எஞ்சியிருந்த கொஞ்சமும் நலிந்தது. 1979ல் பெரிய நீலன் பிரிட்டனில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள்.

மீண்டு வந்த கதை

அத்தோடு விட்டுவிடவில்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம். இடத்தைத் தயார் செய்தால் பூச்சியை வேறு நாட்டிலிருந்து கொண்டுவரலாம் என்று முடிவு செய்தார்கள். புதரை வெட்டினார்கள். மாடு, மட்டக்குதிரை, ஆடு ஆகியவற்றைக் கணக்காக மேய விட்டார்கள். எந்த மாதம் எத்தனை, எந்த மாதம் நிறுத்த வேண்டும் என்றெல்லாம் அட்டவணை. பூக்கும் காலத்தில் மேய்ந்தால் தைம் மொட்டோடு முட்டையும் போய்விடும் அல்லவா! சபுலெட்டி எறும்பு திரும்பி வந்தது. 1983ல் சுவீடன் நாட்டு ஓலாந்து தீவிலிருந்து புழுக்களைக் கொண்டுவந்து விட்டார்கள். டேவிட் சிம்காக்ஸ் என்பவர் அவற்றை ஒரு வேனில் வைத்துக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டு வந்து சேர்த்தார்.

பிறகு மெதுவாக ஏறுமுகம். சோமர்செட் குன்றுகளில் பரவியது. அங்கே கொலார்ட் ஹில் என்ற இடத்துக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். 2009ல் தாமசும் அவர் கூட்டாளிகளும் முழு விவரத்தையும் "சயன்ஸ்" இதழில் வெளியிட்டார்கள். 2019ல் குளோஸ்டர்ஷயரின் ராட்பரோ பொதுநிலத்தில் 1100 புழுக்களை விட்டார்கள். அடுத்த கோடையில் ஏறக்குறைய 750 பூச்சிகள் பறந்தன. அந்த இடத்தில் பெரிய நீலன் பறந்து 150 வருஷம் ஆகியிருந்தது. 2017ல் ஒருவர் பெரிய நீலனைப் பிடித்துக் கொன்றதற்காக நீதிமன்றத்தில் தண்டனையும் பெற்றார். பழைய வலைக்காரர்கள் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை.

ஆனால் ஐரோப்பா முழுவதும் பார்த்தால் நிம்மதி அடைய இடமில்லை. 2010ல் வெளியான ஐரோப்பிய சிவப்புப் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகத்தான் இருந்தது. நெதர்லாந்தில் இப்போது இல்லை. பிரான்சின் மலைச்சரிவுகளில் இன்னும் உண்டு. ஆனால் மலையில் ஆடு மேய்ப்பவர்கள் குறைந்துவருகிறார்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போய்விடுகிறார்கள். மேய்ச்சல் நின்ற சரிவில் புதர், பிறகு மரம். கீழே சமவெளியில் நேர்மாறான தொல்லை: உழவு, உரம், அதிக மேய்ச்சல். இரண்டுக்கும் நடுவில், அளவாகக் கடித்த புல்தான் இந்தப் பூச்சியின் ஊர். மனிதன் அக்கறையின்றி விட்டாலும் போச்சு, அளவு மீறினாலும் போச்சு.

என் மேசையில் வந்த மனு

இங்கே நிறுத்திவிடலாம்தான். ஆனால் இந்தக் கதையைப் படிக்கப் படிக்க என் மேசைக்கு வந்த ஒரு கோப்பு நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. எந்த அலுவலகம், எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். 1980களின் தொடக்கம். நான் அப்போது யு.டி.சி.

ஓர் ஏரிக்கரைக்கு மேலே ஏழெட்டு ஏக்கர் புறம்போக்கு மேடு. ஊர்க்காரர்கள் ஆடு மேய்ப்பார்கள். ஆக்கிரமிப்பு வராமல் இருக்கவும் மரம் நடவும் முள்கம்பி வேலி போடுவது என்று மேலிடத்தில் முடிவானது. நல்ல நோக்கம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வேலி போட்ட சில மாதத்தில் ஒரு வயதான அம்மாள் மனு எழுதுபவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கி, கைநாட்டு வைத்துக் கொண்டுவந்தார். என் மேசைக்கு எதிரே நின்று, "ஐயா, ஆடு கடிச்சாத்தான் அது புல்லு. இல்லேன்னா பொதரு ஆயிடும். அப்புறம் அது யாருக்கும் ஆகாது" என்றார்.

நான் சிரித்துக்கொண்டே மனுவை வாங்கி வைத்தேன். தன் பத்து ஆட்டுக்காகப் பேசுகிறார் என்று நினைத்தேன். அவர் ஆட்டுக்காகத்தான் பேசினார். அதனால் அவர் சொன்னது பொய்யாகிவிடாது என்பது எனக்கு அன்று தோன்றவில்லை. நோட்டிங்கில் "மே பி ஃபைல்டு" என்று எழுதினேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

நாலைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அந்த வழியே சைக்கிளில் போனேன். நட்ட கன்றில் முக்கால்வாசி தண்ணீர் இல்லாமல் காய்ந்திருந்தது. ஆடு கடித்துச் சாகவில்லை, தண்ணீர் இல்லாமல்தான் செத்தது. புல் இடுப்பளவு. ஒரு பக்கம் கோடையில் தீப்பிடித்துக் கருகிக் கிடந்தது. முன்பெல்லாம் அந்த மேட்டருகே போனாலே ஆட்காட்டிக் குருவி தலைக்கு மேல் வட்டமடித்துக் கத்தும். திறந்த தரையில் முட்டை இடும் பறவை அது. அன்று ஒன்றுகூடக் கத்தவில்லை. அந்த அம்மாளைப் பற்றி விசாரித்தேன். ஆடுகளை விற்றுவிட்டு மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

இதையும் பெரிய நீலனையும் ஒன்றென்று நான் சொல்லவரவில்லை. அங்கே ஒருவர் வருஷக்கணக்கில் மண்டியிட்டு எறும்பை எண்ணினார். இங்கே அந்த மேட்டில் என்னென்ன இருந்தது, எது போனது என்று யாரும் எண்ணவில்லை. வேலியே கூடாது என்றும் சொல்லவில்லை. வேலி இல்லாத புறம்போக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் அர்மான்-தெலில் கெட்டவர் அல்ல. காப்பிடத்துக்கு வேலி போட்டவர்கள் பூச்சியை நேசித்தவர்கள். எங்கள் அதிகாரியும் நேர்மையானவர். மூன்று இடத்திலும் குறைந்தது ஒன்றுதான்: அந்த நிலத்தில் தினமும் கால் வைப்பவரைக் கேட்கவில்லை. கார்ன்வால் மேய்ப்பனுக்கு எறும்பின் லத்தீன் பெயர் தெரிந்திருக்காது. எங்கள் அம்மாளுக்கும் தெரியாது. ஆனால் புல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்த மனு இரண்டு பக்கம் இருந்தது. முதல் பத்தியைத்தான் படித்தேன். மீதியில் அவர் என்ன எழுதச் சொல்லியிருந்தார் என்று பார்க்காமலேயே நோட்டிங் எழுதினேன். நாற்பது வருஷத்துக்குப் பிறகு அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கோப்பு இந்நேரம் கரையான் தின்றிருக்கும்.